மடியில் இருந்த கண்ணாடி

பால் எடுக்க ரப்பர் மரத்தை வெட்டும்போது அப்பா முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். கழுத்து வளைந்து, தாடை உள்ளே போய், கை மட்டும் முழு நீளத்துக்கு நீண்டு, உளியின் முனை பட்டையைத் தொடும். மரத்திலிருந்து ஏதோ கெட்ட வாடை வருவதுபோலவும் அவர் அதற்கு ஒதுங்கி நிற்பதுபோலவும் இருக்கும். பக்கத்து மர நிரையிலிருந்து அதைப் பார்த்து முதல் சில நாட்கள் எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டிக்காரர் ஆயிற்றே, மாட்டை அதட்டுகிறவர்போல மரத்தையும் தள்ளி நின்று அதட்டுகிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் சிரித்தாள். பிறகு ஒரு காலையில் பால் சேர்க்கப் போகும்போது அவருடைய மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். அதன்பின் நாங்கள் இருவரும் அதைப் பற்றிச் சிரிக்கவில்லை.

வேலை இன்னதென்று சொன்னால்தான் அது புரியும். விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு அவரவர் நிரைக்குப் போக வேண்டும். முந்திய வெட்டின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து எடுக்க வேண்டும். பிறகு இடமிருந்து வலமாக, மேலிருந்து சரிவாக, பட்டையை ஒரு வெற்றிலைக் கனத்துக்குச் சீவ வேண்டும். கனம் குறைந்தால் பால் வராது. கூடினால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிற ஈரமான தோலில் உளி பட்டுவிடும். அதற்குப் பெயர் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. முடிச்சு முடிச்சாக வீங்கும். அடுத்த முறை அந்த இடத்தில் உளி ஓடாது. அப்பாவின் மரங்களில் அன்று நான் பார்த்தவை முழுக்கக் காயம். சில மரங்களில் பால் வெட்டுக் கோட்டை விட்டு இறங்கி, கீழே பால் பிடிக்கும் மங்கு காலியாக இருக்க, வேரில் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கும் எனக்கும் வேலை பிடிபட்டுவிட்டது. எப்படிப் பிடிபட்டது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பாவுக்கு ஏன் பிடிபடவில்லை என்பதையும் நான் வெகுநாள் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். கை கனம் என்று நினைத்தேன். மனம் ஒப்பவில்லை என்றும் நினைத்தேன்.

ஊரில் அவர் அறந்தாங்கி சாலையில் பார வண்டி ஓட்டியவர். அந்தச் சாலையில் மோட்டார் லாரி வந்தது. லாரி ஒரு நடையில் ஏற்றுவதை வண்டி ஒரு வாரம் ஏற்ற வேண்டியிருந்தது. வண்டியும் மாடும் கைவிட்டுப் போன வருஷம், அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி சின்னையா மாமா மலாயாவிலிருந்து ஆள் கட்ட வந்திருந்தார். பேராக்கில் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் அவர் கங்காணி. தோட்டத்தில் மாட்டு வண்டி இருக்கிறதா என்று அப்பா கேட்டார். இருக்கிறது என்றார் மாமா. அவர் சொன்னது பொய்யில்லை. பால் ஏற்றுவதற்கு ஒரு வண்டி இருந்தது. அதை ஓட்டுவதற்குப் பத்துமலை என்ற ஆளும் இருந்தார்.

கப்பலேறும் முன் கூலி ஆட்களைத் தங்க வைக்கும் நாகப்பட்டினம் டிப்போவில் டாக்டர் ஒவ்வொருவரையும் நிறுத்தி வயது கேட்பார். நாற்பதைத் தாண்டியவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா அதைத் தாண்டி வெகுகாலம் ஆகியிருந்தது. அம்மா அப்போதுதான் தாண்டியிருந்தாள். மாமா முந்தின நாளே அப்பாவின் மீசையை மழிக்கச் சொல்லி, விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்த்துவிட்டார். "மச்சான், மாப்புள மாதிரி இருக்கிய. அக்காவ மறுபடியும் கட்டி வச்சிரலாம்" என்றார். டாக்டர் அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தார், நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். அப்பா முப்பத்தெட்டு என்றார். அவ்வளவுதான். கப்பலில் இரண்டாம் நாள் சாரலில் கரி கரைந்து கழுத்து வழியாக இறங்கித் துண்டெல்லாம் கறுப்பானது. அம்மா அந்தத் துண்டை என்ன துவைத்தும் கறை போகவில்லை. அப்பா தினமும் அதையேதான் தலையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பதுதான் எங்கள் எண்ணம். லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, தோட்டச் சாலையின் மறுகோடியில் வருகிற பால் வண்டியைப் பார்த்து, இடத்து மாடு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது என்பார். எனக்கு அங்கே ஒரு புள்ளிதான் தெரியும். வண்டி வந்து சேர்ந்ததும் பார்த்தால் மாட்டின் குளம்பில் கல் ஏறியிருக்கும். பத்துமலை அண்ணன் ஒருமுறை குனிந்து கல்லை எடுத்துவிட்டு, "என்னா கண்ணுலா இது, பருந்துக் கண்ணு" என்றார். அப்படிப்பட்ட கண்ணில் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

தோட்டத்தின் சட்டம் இது: புதிதாக வந்தவர்கள் முதலில் அழிக்கப்போகிற கிழட்டு மரங்களில் பழகுவார்கள். பிறகு நல்ல மரங்களில் நிரை கொடுப்பார்கள். தைப்பூசத்துக்கு முன் பெரிய துரை வந்து புது ஆட்களின் வெட்டைப் பார்ப்பார். தேறாதவர்களைப் புல் வெட்ட அனுப்புவது முன்பு வழக்கமாம். இப்போது புல் வேலையைச் சீனர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். அதனால் தேறாதவர்கள் வேலைக்கு ஆகாதவர்கள் என்று எழுதப்பட்டுப் பினாங்கு வழியாக ஊருக்கே அனுப்பப்படுவார்கள். குடும்பத்தில் ஒருவர் ஆகாதவர் என்றால் அவர் ஒருவர் மட்டும்.

இதை எங்களிடம் சொன்னவர் சீனி மண்டோர். எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர். அப்பாவின் மரங்களை அவர் வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தார். மற்றவர்களைத் திட்டுவதுபோல அப்பாவைத் திட்டவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டு, அண்ணனுக்குக் கை நடுக்கமா, சாராயம் உண்டா என்று கேட்டார். அம்மா இல்லை என்றாள். "அப்ப என்னா? மரத்த வெட்டச் சொன்னா கொத்துறாரு. கோழி தோத்துச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் காட்டலாம் என்று நான் சொன்னேன். கை வலிக்கிறது என்றாவது சொல்லி வேறு வேலை கேட்கலாம் என்று. அப்பா என்னைப் பார்க்காமல், "எனக்கு ஒண்ணும் வலிக்கலயே" என்றார். சின்னையா மாமாதான் விளக்கிச் சொன்னார். டிரெஸ்ஸரிடம் போனால் வயது கேட்பான், வயது கேட்டால் டிப்போவில் சொன்னது என்ன, இப்போது சொல்வது என்ன என்று வரும், பிறகு அப்பா மட்டுமல்ல, ஆள் கட்டிக்கொண்டு வந்த தானும் பதில் சொல்ல வேண்டும். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோலத்தான் சொன்னார்.

மாலை வேளையில் நான், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி மயில்வாகனம் வீட்டுப் பின்புறத்துக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி ஞானம்மா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தவர். லயத்துப் பெண்பிள்ளைகள் சிலரைச் சமையற்கட்டுப் படியில் உட்கார வைத்து எழுதப் படிக்கவும் கொஞ்சம் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் கண்ணால் கண்டதை ஒரு பக்கம் எழுதிவரச் சொல்வார். நான் எழுதுவது மிகவும் வறட்சியாக இருக்கிறது என்பார். எழுந்தேன், வெட்டினேன், வந்தேன் என்றுதான் எனக்கு வரும். ஒருநாள் எழுத வேறு எதுவும் இல்லாமல், அப்பா எப்படி நின்று மரம் வெட்டுகிறார் என்பதை எழுதிக்கொண்டுபோனேன். முகத்தைப் பின்னுக்கு இழுப்பது, கை நீளுவது, வெட்டி முடித்ததும் விரல் நகத்தால் கோட்டைத் தடவிப் பார்ப்பது. கூடவே அம்மா ஊசியில் நூல் கோக்க என்னிடம் கொடுப்பதையும், ஏனோ தெரியாது, சேர்த்து எழுதியிருந்தேன்.

ஞானம்மா அக்கா தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அதைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, எழுத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் காட்டினார். கழுத்து வளைந்து, தாடை உள்ளே போனது. அப்படியே அப்பா.

"இப்பிடித்தானே நிக்கிறவர்?"

நான் ஆமாம் என்றேன்.

"வெள்ளெழுத்து, பிள்ளை. நோய் வருத்தம் ஒண்டுமில்லை, வயசு. கிட்ட இருக்கிறது மங்கும், தூரம் நல்லாத் தெரியும். ஒரு கண்ணாடி போட்டாச் சரி." பிறகு குரலைத் தாழ்த்தி, "இவரிட்டைச் சொல்லிப்போடாதை" என்றார். கிராணியிடம் அப்பாவின் வயதைச் சொல்ல வேண்டாம் என்பதற்காக அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன். கூலிக்காரர் கண்ணாடி போடுவது பற்றிக் கிராணி என்ன சொல்வார் என்பதை நினைத்து அவர் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எது என்று நான் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "எழுத்தே தெரியாத மனுசனுக்கு வெள்ளெழுத்தா?" என்றாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஈப்போவுக்குப் போனோம். பெரிய கடைத்தெருவில் ஒரு சீனர் கடை. தட்டில் கண்ணாடிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். கடைக்காரர் பார்ப்பதற்கு ஒரு சீனப் பத்திரிகையை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை மரியாதையாக வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் உள்ளங்கையை விரித்து அப்பாவின் முகத்துக்குக் கிட்டே நீட்டினேன்.

முதல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக் கழற்றினார். இரண்டாவதையும் கழற்றிவிட்டார். அடுத்ததைப் போட்டதும் அப்படியே நின்றார். என் கையைப் பிடித்து இன்னும் கிட்டே இழுத்தார். உளி பழகிய நாட்களில் பட்ட கீறல்கள் விரலெல்லாம் இருந்தன. கட்டைவிரலுக்குக் கீழே ஒன்று ஆழமாகப் பட்டு ஆறிப்போயிருந்தது.

"இது எப்ப?" என்றார்.

"வந்த புதுசுல."

"நீ சொல்லவே இல்ல."

தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையால்தான் சோறு போட்டேன். அம்மா கடைக்காரரிடம் இதுதான் என்று சொல்லி, முந்தானையை அவிழ்த்தாள். நாங்கள் அந்த மாதம் கண்ட காசில் பெரும்பகுதி அதற்குப் போயிற்று. ரயிலில் திரும்பும்போது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வேட்டியின் நெசவைப் பார்த்தார், பயணச் சீட்டைப் பார்த்தார், துண்டில் இருந்த கரிக்கறையையும் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, தூரமெல்லாம் மங்கிப் போச்சே என்று பயந்து கழற்றினார். இது கிட்டத்துக்கு மட்டும் என்று சொன்னேன். அதை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் மரத்துக்கு நெருங்கி நின்று வெட்டுவதை முதல் முறையாகப் பார்த்தேன். நெற்றி பட்டையில் இடித்துவிடும்போல இருந்தது. மெதுவாகத்தான் வெட்டினார். ஆனால் சீவல் ஒரே கனத்தில், சுருண்டு சுருண்டு விழுந்தது. பால் கோட்டிலேயே ஓடி மங்குக்கு வந்தது. அம்மா தன் மரத்தை விட்டுவிட்டு வந்து அந்தச் சீவலை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். தன் நிரைக்குத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் நிரையிலிருந்து ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பாட்டாக இருக்கலாம்.

பெரட்டில் கேலி செய்தார்கள். கிராணி ஐயா வந்துட்டாரு, பேர் கூப்பிடுங்க என்றார்கள். சின்னையா மாமாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "மச்சான், காட்டுக்குள்ள போட்டுக்கங்க. பெரட்டுல போடாதிய. தொரைமாரு பாத்தா இவன் யாருடா நம்மள மாதிரினு கேப்பாங்க" என்றார். அது வெறும் பேச்சில்லை. எங்கள் தோட்டத்தில் கூலிக்காரர் துரைக்கு முன் குடை பிடிப்பதில்லை. செருப்புப் போட்டிருந்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். சைக்கிளில் போகிறவர் இறங்கிவிடுவார். தலைத்துண்டு கக்கத்துக்குப் போகும். இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வந்த முதல் நாளே பார்த்துப் பழகிக்கொண்டோம். அப்பா ஊரிலேயே பழகியவர். சாலையில் தாசில்தார் வண்டி வந்தால் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நிலத்தில் இறங்கி நிற்பாராம்.

ஒருநாள் மயில்வாகனம் கிராணி எங்கள் நிரைப் பக்கம் வந்தார். அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். அதே அசைவில் கண்ணாடியையும் கழற்றி மடியில் செருகிக்கொண்டார். கிராணி போனதும் இரண்டும் திரும்ப ஏறின. நான் அதைப் பார்த்தேன். துண்டைப்போல அதுவும் ஒன்று என்றுதான் எனக்கும் பட்டது. அதற்குமேல் யோசிக்க அதில் என்ன இருக்கிறது?

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பெரிய துரை வந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்து நிரைகளில் கேட்டு, நின்று, திரும்பக் கேட்டது. ஒவ்வொரு புது ஆளிடமும் நிறுத்திப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று பால் சேர்க்கிற பெண்கள் சொன்னார்கள். அம்மா அவளுடைய நிரைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எங்களுக்குப் பயம் இல்லை. கடந்த வாரங்களின் வெட்டு மரத்திலேயே எழுதி வைத்தாற்போல இருந்தது. பழைய காயங்களுக்குக் கீழே, ஒழுங்காக, பார்க்க அழகாக.

துரையோடு சீனி மண்டோரும் மயில்வாகனம் கிராணியும் வந்தார்கள். துரை வயதானவர். அவர் கண்ணாடியும் ஒரு கறுப்புக் கயிற்றில் மார்பில் தொங்கியது. அப்பாவின் முதல் மரத்துக்கு வந்ததும் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, கோட்டைப் பார்த்தார். மேலே பழைய காயங்களைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். தலையை ஆட்டினார். நல்லது என்பதற்கான ஆட்டல்தான் அது, எனக்கு நிச்சயம். பிறகு தமிழில், "யார் வெட்டினது?" என்றார்.

அப்பா முன்னால் வந்தார். துண்டு கக்கத்தில் இருந்தது. முகத்தில் கண்ணாடி இல்லை.

நான் என் மரத்தடியில் நின்றிருந்தேன். கையில் உளி இருந்தது. அப்பாவின் மடிப் புடைப்பை அங்கிருந்தே பார்க்க முடிந்தது.

"அடுத்த மரம் வெட்டு. நான் பாக்குறது."

அப்பா அடுத்த மரத்துக்குப் போனார். ஒட்டுப்பாலை உரித்தார். அதை விரலாலேயே செய்யலாம். பிறகு கழுத்து பின்னுக்கு வளைந்தது, தாடை உள்ளே போனது, கை நீண்டது.

நான் மண்டோரின் பக்கம் நகர்ந்தேன். நகரக்கூடாது என்று தெரியும். மெதுவாகத்தான் சொன்னேன். "மண்டோரண்ணே, மடியில கண்ணாடி இருக்கு. போட்டுக்கிட்டா நல்லா வெட்டுவாரு. ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "கண்ணு தெரியலனு நானே சொல்லிக் குடுக்கவா? கண்ணுக் கோளாறுனா நிக்க வச்சே ஆகாதவன்னு எழுதிருவான். வாய மூடுலா."

அவர் சொன்னது சரியா என்று நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரியாகத்தான் இருக்க வேண்டும். போட்டிருந்தால் திமிர். கழற்றினால் குருடு. மடியில் இருக்கிறது என்று சொன்னால் டாக்டர், டாக்டர் என்றால் வயது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒருவர் நின்று ஏதோ கேட்கிறார்.

உளி இறங்கிய சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டையில் ஓடும் உளிக்குச் சத்தம் இருக்காது. கட்டையில் பட்டால் டக்கென்று கேட்கும். இரண்டு முறை கேட்டது. துரை வெட்டுக்குக் கிட்டே வந்து பார்த்தார். அப்பா நகத்தால் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் கை மடிக்குப் போகவில்லை. ஒருமுறைகூட.

"முதல் மரம் நீ வெட்டினது இல்லை" என்றார் துரை. "யார்? உன் மகளா?"

அப்பா என்னைப் பார்த்தார். தூரம் அவருக்கு நன்றாகத் தெரியுமே. என் முகத்தில் என்ன இருந்ததோ, அதை முழுக்கப் பார்த்திருப்பார். பிறகு குனிந்து, "நாந்தாங்க வெட்டுனேன்" என்றார்.

துரை வேறெதுவும் கேட்கவில்லை. கிராணியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கிராணி எழுதினார். ஞானம்மா அக்கா வீட்டில் நான் படித்த ஆங்கிலம் அதைப் புரிந்துகொள்ளப் போதவில்லை. எழுதியது நீளமாகவும் இல்லை.

சாயங்காலம் சின்னையா மாமா லயத்துக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. அம்மாதான் முதலில் பேசினாள். எல்லாருமே போய்விடுகிறோம் என்றாள். அப்பா, எங்கே போய் இறங்குவது என்று கேட்டார். வீடு விற்றாயிற்று, வண்டி இல்லை. கொஞ்ச நாள் கழித்து மச்சான் வேறு கங்காணியோடு வேறு பேரில் வரலாமே என்றார் மாமா. தலையில் திரும்பக் கரி தேய்ப்பதாகச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"ஏன் கழட்டுனிய?" என்றாள் அம்மா.

அப்பா அந்தக் கேள்வி புரியாதவர்போல அவளைப் பார்த்தார். "தொரை நிக்கயில எப்படிப் போட்டுக்கிட்டு நிக்கிறது?" என்றார்.

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாததற்குக் காரணம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னார். அதை எழுதிக்கொண்டு போனபோது ஞானம்மா அக்கா படித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக எதையும் திருத்தாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மற்றப் பிள்ளைகளைச் சீக்கிரம் போகச் சொன்னார். என்னை மட்டும் கொஞ்ச நேரம் படியில் உட்காரச் சொன்னார். உள்ளே கிராணி ஐயா சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அக்கா ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பரிமாற உள்ளே போய்விட்டார்.

தைப்பூசம் முடிந்து அப்பா புறப்பட்டார். இன்னும் சிலரும் இருந்தார்கள். ஒருவர் சீக்காளி, ஒருவருக்குக் கையில் விரல் போயிருந்தது. பத்து காஜா ரயிலடிக்குப் பத்துமலை அண்ணனின் வண்டியில் போக வேண்டும். அப்பா ஏறும் முன் மாடுகளைச் சுற்றி வந்து பார்த்தார். நுகத்தடிக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். இடத்து மாட்டின் கழுத்தில் புண் வரப்போகிறது என்றார். பத்துமலை அண்ணன் மறுபேச்சில்லாமல் தளர்த்தினார். "நீங்க முன்னால ஒக்காருங்கண்ணே" என்று கயிற்றை அவர் கையில் கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டார்.

கண்ணாடியை அவர் எடுத்துப் போகவில்லை. அங்கே அது எதற்கு என்று சொல்லி, துணியோடு அடுப்பங்கரை மாடத்தில் வைத்துவிட்டார்.

வண்டி தோட்டச் சாலையில் நேராகப் போயிற்று. அந்தச் சாலை வெகுதூரம் வளைவில்லாமல் போகும். வண்டி சிறுத்து, பிறகு ஆள் எது மாடு எது என்று தெரியாமல், பிறகு ஒரு புள்ளியாக ஆயிற்று. நான் முந்தானையைக் கண்ணுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"தொடைக்காத" என்றாள். "அங்கருந்து பாத்துருவாரு."

எங்களுக்கு அங்கே எதுவும் தெரியாமல் போன பிறகும் நாங்கள் அப்படியே நின்றோம், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

அதன்பின் வேலைக்குப் போனோம். வேறென்ன செய்வது? மழை பிடித்து, விட்டு, மரங்களில் இலை உதிர்ந்து துளிர்த்தது. ஊரிலிருந்து அப்பா யாரையோ கொண்டு எழுதி அனுப்பினார். சுகம் என்றும், வேலை தேடுவதாகவும், அவசரப்பட வேண்டாம் என்றும் இருந்தது. அம்மா அதை என்னை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள். அரிசியில் கல் பொறுக்கும்போது அவள் சுளகைத் தள்ளித் தள்ளிப் பிடிப்பதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல இருந்தேன். ஒருநாள் அவள் ஊசியை என்னிடம் கொடுக்கவில்லை. மாடத்தில் இருந்த துணியை எடுத்து, பிரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தானே நூல் கோத்தாள். அது அவள் முகத்துக்குப் பெரிதாக இருந்தது. மூக்கின் நுனிக்கு இறங்கிக்கொண்டே வந்தது. நான் ஒரு கயிறு கட்டிக் கொடுத்தேன்.

இப்போது அவள் காட்டுக்கு வந்த பிறகு, இருட்டு விலகும் முன், அதைப் போட்டுக்கொள்கிறாள். அவள் மரங்களை நான் தினமும் ஒருமுறை பார்த்துக்கொண்டு போகிறேன். காயம் இல்லை. எங்கள் நிரைகளுக்கு நடுவில் அப்பாவின் நிரை இருந்தது. இப்போது அதில் வேறு ஆள் வெட்டுகிறார். அப்பா கடைசியாக வெட்டிய அந்த மரத்தில் மட்டும், பட்டை வீங்கிய இடத்தில் பால் தடுக்கிக் கோட்டை விட்டு இறங்குகிறது.

இன்று காலை அம்மா ஒரு மரத்தில் பாதிக் கோடு வந்திருந்தாள். நெற்றி பட்டைக்குக் கிட்டே இருந்தது. சீவல் சுருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்ச் சாலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நின்றது. திரும்பக் கேட்டது, இன்னும் கிட்டே. நான் அவளைப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிட்டு என்ன சொல்வது?

அம்மா உளியை மரத்திலிருந்து எடுத்தாள். இடது கையால் தலைத்துண்டை இழுத்துக் கக்கத்தில் வைத்தாள். பிறகு அந்தக் கை முகத்தை நோக்கி உயர்ந்து, கண்ணாடிக் கயிற்றைத் தொட்டு, அங்கேயே நின்றது.